பயத்தை வெளியே காட்ட முடியாதவர்கள்

விமானம் ஏறப் பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு கணக்கு வரும். ரோட்டில் போவதைவிட வானத்தில் போவதுதான் பத்திரம் என்பார்கள். கணக்கில் தப்பில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பங்கேற்ற ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. 2018 முதல் 2022 வரை உலகம் முழுக்க நடந்த பயணங்களை எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம் முறை பயணிகள் விமானம் ஏறியதற்கு ஓர் உயிர் போயிருக்கிறது. ஆனால் பயந்த மனசுக்கு வகுத்தல் கணக்கு ஏறாது. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றுக்கு மேலே பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். அந்த இரண்டு செய்திகளையும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்க உட்காரும் ஒருவரிடம் 1 கோடியே 37 லட்சம் என்று சொன்னால், தலையை ஆட்டுவார். அடிவயிறு கலங்குவது நிற்காது.

கணக்குக்கு அடுத்தபடியாக எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. ஏறியதும் பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விமானப் பயத்தைப் பற்றி எழுதுகிற மனநல மருத்துவர்கள், விமானிகள், பயந்து மீண்டவர்கள் என்று முக்கால்வாசிப் பேர் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இந்த யோசனை பலித்திருக்கிறது. ஊருக்குப் போகும் நீண்ட பயணங்களில், அட்லாண்டிக்குக்கு மேலே விமானம் குலுங்கும்போது சொல்லியிருக்கிறேன். ஒருவர் பக்கத்தில் குனிந்து நின்று, "இன்னும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு இஞ்சி சோடா கொண்டுவந்து கொடுத்தார். மனசு லேசாகிவிட்டது. இந்த எளிய யோசனைதான் போன வருடக் கடைசியிலிருந்து என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. அது யாருக்கான யோசனை என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

நான் அட்லாண்டாவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அலபாமாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண், ஐம்பது தாண்டியவர். தெற்கத்தி வழக்கப்படி எல்லோரும் அவர் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அவர் என்னை 'பேபி' என்பார். இங்கே நான் அவரை அக்கா என்றே எழுதுகிறேன், மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆபீஸில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் அவரிடம்தான் போவோம். அம்மா இறந்த வாரத்தில்கூட மற்றவர்களுடைய ஃபைல்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விடுப்பில் போனார். அவருக்கு விமானம் என்றால் ஆகாது என்பது எனக்குப் பல வருடங்கள் தெரியாமலே இருந்தது. எங்கே போனாலும் காரிலேயே போவார். அதை எல்லோரும் அவருடைய ஓட்டுநர் திறமை என்று நினைத்தோம். மகளுக்குக் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்த பிறகுதான், ஒரு மதியம், சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லாதபோது என்னிடம் சொன்னார். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியாவிலிருந்து அங்கே ரயிலில் போனால் நாட்கணக்கில் ஆகும். குழந்தை அதுவரை காத்திருக்காது. எனக்கு அதன் பக்கத்தில் ஃப்ரீமாண்டில் சித்தி மகள் வீட்டில் விசேஷம் இருந்தது. சரி, சேர்ந்தே போகலாம் என்று டிக்கெட் எடுத்தோம்.

தலைமுடியில் தொடங்கும் பயம்

விமானப் பயம் விமானத்தில் தொடங்குகிறது என்றுதான் நான் படித்தவற்றில் எல்லாம் இருக்கிறது. கதவு சாத்தும் சத்தம், ஓடுபாதையில் வேகம் எடுப்பது, மேகத்துக்குள் நுழைவது என்று வரிசையாகச் சொல்வார்கள். அக்காவுக்கு அது மூன்று வாரத்துக்கு முன்பே தலைமுடியில் தொடங்கியது. எந்தப் பின்னலோடு போவது என்று அவ்வளவு யோசித்தார். சன்னச் சன்னமான சடைகளாகப் பின்னிக்கொள்வதுதான் அவருக்குப் பிடிக்கும். பின்னுவதற்கே ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும். ஆனால் அந்தச் சடைகளைத் தூக்கிக் கொண்டையாகக் கட்டினால் ஸ்கேனர் கத்தும். முன்பு ஒருமுறை, வேறொரு ஊரில், வரிசையில் அத்தனை பேர் பார்க்க அவரைத் தனியே நிறுத்தி, கையுறை போட்ட விரல்களைச் சடைக்குள் விட்டுத் துழாவியிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் விமானம் குலுங்கவே இல்லையாம். "ஆனாலும் இறங்கும்வரை கை நடுங்கிக்கொண்டே இருந்தது" என்றார்.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்தது இல்லை. கறுப்பினப் பெண்களின் தலைமுடியை மட்டும் பிடித்துச் சோதிக்கிறார்கள் என்று நரம்பியல் விஞ்ஞானியான ஒரு கறுப்பினப் பெண் புகார் கொடுத்தார். குடியுரிமைகளுக்காக வழக்காடும் ஏ.சி.எல்.யு. அமைப்பின் வட கலிபோர்னியாக் கிளை அதை எடுத்து நடத்தியது. 2015இல் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ. தன் ஊழியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு நான்கு வருடம் கழித்து, 2019இல், முழு உடல் ஸ்கேனர்கள் கறுப்பினப் பெண்களின் சிகை அலங்காரங்களுக்கு அடிக்கடி பொய்யாக மணியடிக்கின்றன என்று புலனாய்வுச் செய்தி நிறுவனமான புரோபப்ளிகா விரிவாக எழுதியது. சோதிக்கிறவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அங்கே இல்லை. இயந்திரமே அந்தத் தலைமுடியைச் சந்தேகப்படுகிறது.

அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். டி.எஸ்.ஏ.வின் 'ப்ரீசெக்' என்ற விரைவுச் சோதனைத் திட்டத்தில் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டார். அந்த வரிசையில் பெரும்பாலும் பழைய மாதிரி உலோகம் கண்டறியும் வாசல்தான் இருக்கும், உடல் ஸ்கேனர் இருக்காது. மற்றவர்கள் அதை நேரம் மிச்சமாகிறது என்று வாங்குகிறார்கள். விமானம் ஏறப் போகும் மனசு ஏற்கெனவே கலங்கியிருக்கும்போது அதை மேலும் கலக்காமல் வாசலைத் தாண்ட வேண்டும், அதற்காக அவர் வாங்கினார். பயத்தைச் சமாளிக்க அவர் செய்தவற்றில் உருப்படியான முதல் வேலை இதுதான் என்பேன். மூச்சுப் பயிற்சியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

குடும்பத்தில் வழிவழியாக வந்த எச்சரிக்கை

பயணம் என்றாலே அவர் வீட்டில் ஒரு தயாரிப்பு இருந்ததாம். அவருடைய பாட்டி காலத்தில் காரில் கிளம்பும்போது சாப்பாடு, தண்ணீர், கழிப்பறைக்கு மாற்றாக ஒரு டப்பா, எந்த ஊரில் இருட்டிய பிறகு இருக்கக் கூடாது என்ற ஞாபகம், எல்லாம் சேர்ந்துதான் போகும். வழியில் எந்தக் கடை கறுப்பினத்தவரை உள்ளே விடும், எது விடாது என்று தெரியாது. காரில் ஒரே ஒரு நிம்மதி, ஸ்டியரிங் நம் கையில் இருக்கும். சரியில்லை என்று தோன்றினால் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். விமானத்தில் அது நடக்காது. விமானப் பயத்தின் நடுமையம் கட்டுப்பாடு கையைவிட்டுப் போவது என்று மருத்துவர்கள் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் கட்டுப்பாடு கையைவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொரு கதை இருக்கிறது.

1954 ஜூலையில் புகழ்பெற்ற கறுப்பின ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு ஆஸ்திரேலியாவில் பாடுவதற்காகப் போய்க்கொண்டிருந்தார். முதல் வகுப்பு டிக்கெட். ஹொனலுலுவில் விமானம் நின்றபோது இறங்கியவரை மறுபடி ஏறவிடவில்லை. உள்ளே இருந்த உடைமைகளை எடுக்கக்கூட விடவில்லை. சிட்னி நிகழ்ச்சிகள் சில தவறிப் போயின. அவர் பான் ஆம் விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. அட்லாண்டா விமான நிலையத்தின் உணவகத்திலும் கறுப்பினத்தவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைக்கும் வழக்கம் இருந்தது. 1960இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது நின்றது. இன்று அதே விமான நிலையத்துக்கு நகரத்தின் முதல் கறுப்பின மேயரான மேனார்டு ஜாக்சனின் பெயரும் சேர்ந்திருக்கிறது. நான் அந்த இடத்தில் காபி வாங்கிக்கொண்டு வேகமாக நடந்துபோகிறேன். அக்கா நடந்துபோவது வேறு மாதிரி. அவருடைய அம்மாவுக்கு அந்தத் திரை நினைவிருந்தது.

அவருக்குப் பிடித்த இரண்டு பெண்களும் பறக்கப் பயந்தவர்கள். பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளின் 1980களின் முற்பகுதியில் ஒரு சிறிய விமானத்தில் மோசமாகக் குலுங்கிய பிறகு மறுபடி ஏறவே இல்லை. பஸ்ஸிலேயே நாடு முழுக்கப் போய்ப் பாடினார். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்றபோது வாஷிங்டனில் அந்தச் சாம்பல் நிறத் தொப்பியோடு பாடியதும் இந்த வைராக்கியத்தோடுதான். 2018இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். நடிகை வூப்பி கோல்ட்பெர்க் 1978இல் சான் டியேகோவில் இரண்டு விமானங்கள் மோதி விழுந்ததை நேரில் பார்த்தவர். பல வருடங்கள் தரைவழியாகவே போய்வந்துவிட்டு, பிறகு வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் நடத்திய பயம் போக்கும் பயிற்சியில் சேர்ந்து, மறுபடி பறக்கத் தொடங்கினார். அக்கா இருவரையும் சமமாக மதிக்கிறார். ஒருவர் ஜெயித்தார், மற்றவர் தோற்றார் என்று அவர் பேசி நான் கேட்டதில்லை. அரீத்தா பஸ்ஸில் போனதும் சமாளிப்புதான் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் உடன்பாடுதான். வேலையும் பாட்டும் நிற்காமல் நடந்தன இல்லையா?

அவர் ஏற்றுக்கொள்ளாத ஒரு சமாதானம் உண்டு. ஆபீஸில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், 2023இல் வந்த, கறுப்பின விமானி பெஸ்ஸி கோல்மன் உருவம் பொறித்த கால் டாலர் நாணயத்தை அவருக்குக் கொடுத்தார். "இவரே பறந்தார், நீங்கள் பறக்க மாட்டீர்களா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடம், "அவர் எப்படி இறந்தார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை" என்றார். கோல்மனின் கதை பெரிது. அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால் பிரெஞ்சு படித்து, பிரான்ஸுக்குப் போய், 1921 ஜூன் 15 அன்று விமானி உரிமம் வாங்கியவர். 1926 ஏப்ரல் 30 அன்று ஜாக்சன்வில்லில் ஒத்திகை பார்க்கும்போது, எஞ்சினுக்குள் சிக்கிய ஒரு ஸ்பேனரால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. தரையை எட்டிப் பார்ப்பதற்காகப் பெல்ட் போடாமல் இருந்த அவர் கீழே விழுந்து இறந்தார். வயது 34. வீராங்கனைகளைக் காட்டிப் பயந்தவரைத் தேற்றினால், இப்போது பயத்தோடு ஒரு வரலாற்றுக் கடமையையும் தூக்கிச் சுமக்க வேண்டியதாகிறது. விண்வெளிக்குக் கோல்மனின் படத்தைக் கொண்டுபோன கறுப்பின வீராங்கனை மே ஜெமிசனுக்கே உயரம் என்றால் பயம் இருந்திருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மலைகளுக்கு மேலே

அன்றைக்கு விமான நிலையத்தில் சுரங்க ரயிலில் ஏறாமல் நடந்தே போனோம். மூடிய பெட்டியில் நிற்பது அவருக்கு ஒத்துவராது. ஏ, பி என்ற இரண்டு முனையங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை இருக்கிறது, கூரை முழுக்க இலைகளும் பச்சை வெளிச்சமுமாகக் காடு மாதிரி செய்திருப்பார்கள், பறவைச் சத்தம் கேட்கும். அங்கே கொஞ்சம் மெதுவாக நடந்தார். ஏறி உட்கார்ந்ததும் இறக்கைக்கு மேலே உள்ள வரிசை. அங்கே ஆட்டம் குறைவாகத் தெரியும் என்பதால் கூடுதல் பணம் கொடுத்து எடுத்திருந்தோம். கிளம்புவது நன்றாகவே போயிற்று. கொலராடோ பக்கம், ராக்கி மலைகளுக்கு மேலே வரும்போது ஆரம்பித்தது. முதலில் சின்ன உதறல். பிறகு கீழே இறங்கி, தூக்கிப் போட்டு, மறுபடி இறங்கி. பெல்ட் விளக்கு எரிந்தது. முன் வரிசையில் ஒரு பெண் சத்தமாக அழ ஆரம்பித்தாள், கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள், வெள்ளைக்காரி. பக்கத்து ஆட்களெல்லாம் அவளைத் தேற்றினார்கள். ஒரு பணிப்பெண் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, அவள் தோளில் கைவைத்து, ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்துத் தொடைமேல் வைத்திருந்தார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. பெருவிரல் நகம் மட்டும் பேன்ட் துணிக்குள் புதைந்திருந்தது. சடைகள் தொடங்கும் நெற்றி ஓரத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உதட்டில் ஒரு சிரிப்பு, ஆபீஸில் வாடிக்கையாளர் முன்னால் இருக்கும் அதே சிரிப்பு. மூடிய வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். மெட்டு பிடிபடவில்லை. சர்ச் பாடகர் குழுவில் அவர் ஆல்டோ, அந்தக் கீழ்க் குரலின் பகுதியை மட்டும் பாடிக்கொண்டிருந்தார். பணிப்பெண் எங்கள் வரிசைக்கு வந்து பெல்ட்டைப் பார்த்தபோது, அக்கா தலை நிமிர்ந்து, தெளிவான குரலில் நன்றி சொன்னார். நான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். அக்காவின் கை என் கைமேல் வந்து விழுந்தது. ஐஸ் மாதிரி இருந்தது. தலையை மிகச் சின்னதாக, எனக்கு மட்டும் தெரியும்படி, வேண்டாம் என்று ஆட்டினார்.

நெவாடாவுக்கு மேலே எல்லாம் அடங்கிய பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "பேபி, அந்தப் பெண் அழுதால் தண்ணீர் கொண்டுவருவார்கள். நீ அழுதாலும் கொண்டுவருவார்கள். நான் அழுதால் கேப்டனுக்குச் சொல்லுவார்கள்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "நான் உயரமான ஆள். குரல் பெரிசு. மூச்சு முட்டி எழுந்து நின்றேன் என்றால், நான் பயப்படுகிறேன் என்று நினைப்பார்களா, பயமுறுத்துகிறேன் என்று நினைப்பார்களா? சில பேர் சரியாகத்தான் புரிந்துகொள்வார்கள். ஆனால் யார் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாதே. போலீஸ் வந்து நிற்கும் கேட்டில் இறங்கிப் பேத்தியைப் பார்க்கப் போக எனக்கு விருப்பமில்லை."

இதில் கோபம் இல்லை, புலம்பலும் இல்லை. சாலையைக் கடக்கும்முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்கிற குரல். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. பயம் உச்சத்துக்கு ஏறும்போது உடம்புக்கு ஓர் ஓட்டம் உண்டு. இதயம் அடித்துக்கொள்ளும், மூச்சு மேலே ஏறும், விரல் மரத்துப்போகும், சில நிமிடங்களில் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கும். அழுதால், பேசினால், யாராவது தொட்டால் சிலருக்குச் சீக்கிரம் இறங்கும். அதை முகத்தில் தெரியாமல் அடக்குவது என்பது உள்ளே நடக்கும் வேலையின் மேல் இன்னொரு வேலை. அந்த அரை மணி நேரம் அக்கா இரண்டு வேலை செய்தார்.

பயம் ஒன்றல்ல

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே கறுப்பினப் பெண்களிடம் பேசி, 2010இல் 'சூப்பர்வுமன் ஸ்கீமா' என்ற கருத்தை முன்வைத்தார். பலமானவள் என்று காட்ட வேண்டிய கட்டாயம், உணர்ச்சிகளை அடக்குவது, பிறரிடம் உதவி கேட்கத் தயங்குவது, வசதி குறைவாக இருந்தாலும் சாதித்தே தீர வேண்டும் என்பது, மற்றவர்களைத் தாங்கிப் பிடிக்கும் கடமை. ஐந்தும் அக்காவிடம் இருக்கின்றன. வெளியே இருப்பவர்கள் இதைப் பாராட்டாகச் சொல்வோம், எவ்வளவு தைரியமான பெண் என்று. தூக்கம், உடம்பு, மனசு என்று அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது.

இங்கேதான் எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதியானது. விமானப் பயத்துக்கான வழக்கமான சிகிச்சை, பயத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்கும். இறக்கை முறிந்துவிடும் என்கிறீர்களா? பயணிகள் விமானத்தின் இறக்கை, பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சப் பாரத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்ட வேண்டும். 1995இல் போயிங் 777இன் இறக்கையை வேண்டுமென்றே வளைத்துப் பார்த்தபோது 154 சதவீதத்தில்தான் முறிந்தது. ஆக, அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கேள்வி கேட்கக் கேட்க அது கரையும். அட்லாண்டாவிலேயே எமரி பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோத்பாமும் ஜார்ஜியா டெக்கின் லாரி ஹாட்ஜஸும் 1990களில் மெய்நிகர் காட்சியில் விமானத்தைக் காட்டிப் பயத்தைக் குறைத்தார்கள். உண்மையான விமானத்தில் உட்காரவைத்துப் பழக்குவதற்கு நிகராக அது வேலை செய்தது. இதெல்லாம் நல்ல மருந்து. ஆனால் 'நான் பயந்தால் என்னை எப்படிப் பார்ப்பார்கள்' என்ற பயத்திடம் ஆதாரம் கேட்டால், அது ஆதாரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும். 2016இல் விமானத்தில் ஒருவர் மயங்கி விழுந்தபோது உதவ முன்வந்த கறுப்பின மருத்துவர் ஒருவரை, நிஜமான மருத்துவர்தான் வேண்டும் என்று சொல்லிப் பணிப்பெண் உட்காரவைத்ததை அந்த மருத்துவரே எழுதினார். 2017 அக்டோபரில் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. ஒரு பெரிய விமான நிறுவனத்தைக் குறித்தே கறுப்பினப் பயணிகளுக்கு எச்சரிக்கை விட்டது, அடுத்த வருடம்தான் விலக்கிக்கொண்டது. பொட்டோமாக் விபத்து நடந்த மறுநாளே, உடல்களை முழுதாக எடுக்கும் முன்பே, நாட்டின் அதிபர் எந்த ஆதாரமும் இல்லாமல் பன்முகத்தன்மைக்காக, அதாவது கறுப்பினத்தவர் உள்பட எல்லாத் தரப்பிலிருந்தும், ஆள் எடுப்பதைக் குறை சொன்னார். அக்கா அதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார். "விழுந்தாலும் எங்கள் மேல்தான் வரும்" என்றார்.

இந்த இரண்டையும் ஒரே பெயரில் வைத்து ஒரே மாத்திரையை நீட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் பயம் மூளையின் தவறான மணியோசை. இரண்டாவது, வாழ்ந்து கற்ற எச்சரிக்கை. அதைத் தவறு என்று சொல்லித் திருத்தப் பார்க்கும் மருத்துவரிடம் அந்தப் பெண் இரண்டாம் முறை போகமாட்டார். அமெரிக்காவின் உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அக்காவுக்கு வழி கிடைத்தது சர்ச்சில். ஓஹாயோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா நீல்-பார்னெட் என்ற உளவியலாளர் இருக்கிறார். கறுப்பினப் பெண்களின் பதற்றத்தைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்கிறவர். சிகிச்சை அறைக்கு அவர்களை வரச் சொல்வதற்குப் பதில், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற சகோதரிக் கூட்டங்களிலேயே பதற்றத்தைக் கையாளும் முறைகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மகளிர் சங்கங்கள் வரை போகிற பழக்கம் அது. பயந்த எண்ணங்களுக்குப் பதிலாக நமக்கென்று சொந்தமாக ஒரு பாட்டைக் கட்டி வைத்துக்கொள்ளச் சொல்வதும் அவர் முறையில் உண்டு. அக்காவின் சர்ச்சில் அந்த மாதிரி ஒரு கூட்டத்தை ஒரு செவிலியர் நடத்துகிறார். வியாழக்கிழமை மாலை, கோழி வறுவலும் மக்ரோனியும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். அங்கே ஒருவர் அழுதால் யாரும் பதறுவதில்லை, டிஷ்யூ டப்பாவை நகர்த்திவைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார்கள். விமானத்தில் அவர் முனகியது அங்கே கட்டிய பாட்டுத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான்கு எண்ணி மூச்சை இழுத்து எட்டு எண்ணி விடுவதற்குத் தோதாக வரிகளின் நீளத்தை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு யாரோ பாட்டு முனகுகிறார் என்றுதான் தோன்றும். வெளியே தெரியாமல் செய்யக்கூடிய மூச்சுப் பயிற்சி, அதைவிடப் பொருத்தமாக எதையும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அந்தக் கூட்டத்தில் முடிவாயிற்று. தனியாகப் பறப்பது இல்லை. கூடவே போகிறவருக்கு முன்னாலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் பணிப்பெண்ணிடம் பேச வேண்டியவர் அவர். எப்போது பேசலாம் என்பதைப் பயப்படுகிறவர்தான் முடிவு செய்வார். திரும்பி வரும்போது நாங்கள் அதற்கு ஒரு ஜாடை வைத்துக்கொண்டோம். என் முழங்கையை இரண்டு முறை தட்டினால் நான் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும். டெக்ஸாஸுக்கு மேலே லேசாகக் குலுங்கியபோது ஒருமுறை தட்டினார். நான் காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை. அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து இறக்கையின் நுனி மேலும் கீழும் வளைவதைப் பார்த்துக்கொண்டு, "ஒன்றரை மடங்கு, இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த விமானத்தில் வேலை பார்த்தவர்களில் இருவர் கறுப்பினப் பெண்கள். ஏறும்போதே அக்காவின் தோள் சற்று இறங்கியதை நான் கவனித்தேன். 1958 பிப்ரவரியில் ரூத் கேரல் டெய்லர் என்பவர் மொஹாக் விமான நிறுவனத்தில் பறக்கத் தொடங்கும்வரை அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பணிப்பெண்கூட இல்லை. விமானி அறையில் இன்றும் கறுப்பினப் பெண்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வேலைவாய்ப்புக் கணக்காகத்தான் இதைப் பேசுகிறோம். பயந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நாடித் துடிப்பிலும் இது இருக்கிறது.

பேத்திக்கு இப்போது குப்புற விழத் தெரியும். கோடையில் மறுபடி ஓக்லாந்து போகிறார்கள். இந்த முறை சர்ச் கூட்டத்திலிருந்து இன்னும் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக விமானம் ஏறுகிறார். இறக்கைக்கு மேலே உள்ள வரிசையில் இருக்கை பிடிப்பது, ப்ரீசெக் விண்ணப்பம் நிரப்புவது, எந்தப் பின்னல் வசதி என்று சொல்வது எல்லாம் அக்காவின் பொறுப்பு. சித்தி மகள் வீட்டில் இப்போதைக்கு விசேஷம் எதுவும் இல்லை, ஆனாலும் நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஐந்து பேருக்கு இரண்டு வரிசை வேண்டும். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று அடுத்த வியாழக்கிழமை முடிவு செய்கிறார்கள்.